பழைய என்விடியா கார்டு, புதிய லினக்ஸ்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

நேற்று வரை ஒழுங்காக ஓடிய கணினி, அப்டேட் போட்டு ரீபூட் செய்ததும் கறுப்புத் திரையோடு நிற்கும். கடையில் கொடுத்தால், "கார்டு போயிடுச்சு, புதுசு போடணும்" என்பார்கள். பத்தில் எட்டு ஒன்பது தடவை கார்டு நன்றாகவே இருக்கும். அந்தக் கார்டுக்கான டிரைவரை என்விடியா நிறுத்தியிருக்கும், லினக்ஸின் மையமான கர்னலும் டெஸ்க்டாப்பும் அதை விட்டுவிட்டு முன்னே போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருவதால், பார்க்கும் முறையை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே பேசுகிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்: சிப் எது?

கார்டின் பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கொடுத்து, விஜிஏ அல்லது 3டி என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். மாடல் பெயருக்கு முன்னால் ஒரு குறியீடு இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைக் கார்டுகள் விற்கப்பட்டன. ஒன்றில் ஜிஎஃப்108 சிப், மற்றதில் ஜிகே208. முன்னதற்கு 390 டிரைவர், பின்னதற்கு 470. பக்கத்து வீட்டு ஜிடி 730-க்கு வேலை செய்த வழி உங்கள் ஜிடி 730-க்கு வேலை செய்யாமல் போவது இதனால்தான். ஜிடி 630-லும் இதே கதை. லேப்டாப்பில் வரும் 820எம் என்பது பெயரளவில் 800 வரிசை, உள்ளே இருப்பது ஃபெர்மி என்ற பழைய தலைமுறை.

குறியீட்டை வைத்து டிரைவர் வரிசை:

- ஜி80-இலிருந்து ஜிடி218 வரை (8400 ஜிஎஸ், 9500 ஜிடி, ஜிடி 210 போன்றவை): 340. 2019 கடைசியோடு முடிந்தது.
- ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி (ஜிடி 610, ஜிடிஎக்ஸ் 560): 390. 2022 கடைசியோடு முடிந்தது. 32 பிட் லினக்ஸுக்கு வந்த கடைசி வரிசையும் இதுதான்.
- ஜிகே என்றால் கெப்லர் (ஜிடி 710, ஜிடிஎக்ஸ் 660): 470. 2024-இல் முடிந்தது.
- ஜிஎம், ஜிபி, ஜிவி என்றால் மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா (ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 960, 1050 டிஐ, ஜிடி 1030): 580. 2025 டிசம்பரில் வந்த 590 இவற்றைக் கைவிட்டுவிட்டது. 580-க்கு மட்டும் இன்னும் சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.
- டியூ (டூரிங்) அல்லது அதற்குப் பிந்தையது என்றால் உங்கள் பிரச்சினை வேறு.

இதோடு 'யூநேம்' கட்டளையில் கர்னல் பதிப்பையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே எல்லா இடத்திலும் இந்த இரண்டும் தேவைப்படும்.

## அறிகுறி 1: அப்டேட் முடிந்ததும் கறுப்புத் திரை, அல்லது மூலையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது

அதிகமாக வருவது இதுதான். பதற்றத்தில் முழுவதையும் ஃபார்மேட் செய்துவிடுபவர்களும் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். வேண்டாம்.

### பழைய கர்னலில் ஏறிப் பாருங்கள்

ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி கிரப் என்ற பூட் மெனுவுக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் கார்டும் சரி, டிரைவரும் சரி. புதிய கர்னலுக்கு டிரைவரின் மாட்யூல் (கர்னலுக்குள் ஏறும் பகுதி) உருவாகவில்லை என்பது மட்டும்தான் கோளாறு.

ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டித் தரும் கருவி டிகேஎம்எஸ். இப்போது 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். பழைய கர்னல் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று இருக்கும், புதிய எண்ணுக்கு நேரே அது இருக்காது. ஏன் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

மாட்யூல் கட்டத் தேவையான, புதிய கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் வந்திருக்கிறதா? இல்லையென்றால் நிறுவி, டிகேஎம்எஸ்ஸை மறுபடி ஓட்டினால் முடிந்தது.

பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா? 'டிஎஃப்' கொடுத்தால் தெரியும். பழைய கர்னல்கள் சேர்ந்து நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் புதியது பாதியிலேயே நின்றிருக்கும். வேண்டாதவற்றை நீக்கினால் சரியாகும்.

கம்பைலர் பொருந்துகிறதா? உபுண்டு 22.04-இல் புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ கர்னல் ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டு வருகிறது, கணினியில் இயல்பாக இருப்பதோ ஜிசிசி 11. மாட்யூல் கட்டும்போது, புரியாத ஒரு கம்பைலர் ஆப்ஷன் வந்ததாகச் சொல்லி நின்றுவிடும். ஜிசிசி 12-ஐ நிறுவினால் போதும். இந்த ஒன்றுக்காக மட்டும் கார்டையே மாற்றியவர்கள் உண்டு.

மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் மாட்யூல் கட்டவில்லை என்றால், 'வார்' அடைவுக்குள் டிகேஎம்எஸ்ஸின் பில்டு அடைவில் இருக்கும் 'மேக்.லாக்' கோப்பைத் திறந்து கீழிருந்து மேலாக முதல் எர்ரரைத் தேடுங்கள். கர்னலில் ஒரு ஃபங்ஷன் காணவில்லை, அல்லது அதன் வடிவம் மாறிவிட்டது என்று வந்தால், அது உங்கள் கையில் இல்லை. டிரைவர் நின்ற பிறகு வந்த கர்னல் அது. ஒட்டுப்போட்ட டிரைவர்களை ஆர்வலர்கள் வெளியிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த கர்னல் வந்ததும் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள். வேலைக்கு வைத்திருக்கும் கணினி என்றால் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

செய்ய வேண்டியது, கர்னல் புதிய பதிப்புக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது. அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரே கர்னலைப் பூட்டிவைத்தால் அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். அதற்குப் பதிலாக நீண்டகால ஆதரவுள்ள கர்னல் வரிசையில் உட்காருங்கள். உபுண்டு 22.04 என்றால் எச்டபிள்யூஇ பேக்கேஜை நீக்கிவிட்டு 5.15 வரிசைக்கு வாருங்கள். 2027 ஏப்ரல் வரை அதற்குத் திருத்தங்கள் வரும், 390-உம் 470-உம் அதில் பேசாமல் ஓடும். அதன் மேல் கட்டப்பட்ட மின்ட் 21-க்கும் இதே வழி. டெபியன் 12-இல் 6.1 கர்னலோடு டெஸ்லா 470 என்ற பேக்கேஜ் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வீட்டில் இருக்கும் ஜிடி 710-க்கும் அதேதான். ஆர்ச்சில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கர்னலுக்கு மாறுங்கள்.

### பழைய கர்னலிலும் கறுப்புத் திரைதான் என்றால்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் லாகின் செய்து 'டிமெஸ்ஜி' வெளியீட்டில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். எழுத்துத் திரையும் வரவில்லையா? கிரப் மெனுவில் கர்னல் வரியைத் திருத்தி, கார்டு டிரைவர் திரையை எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் 'நோமோட்செட்' சேர்த்து ஏறுங்கள்.

அந்த வரிகளில் விடை நேராகவே இருக்கும். இந்த ஜிபியுவுக்கு ஆதரவு 470 லெகசி டிரைவரில்தான், இப்போது ஏறியிருக்கும் டிரைவர் இதைக் கண்டுகொள்ளாது என்று கார்டின் பெயரோடு சொல்லிவிட்டு, கடைசி வரியில் என்விடியா ஜிபியு எதுவுமே இல்லை என்று முடிக்கும். கார்டு செத்துவிட்டதாகப் பலர் முடிவுக்கு வருவது இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான். மேலே இரண்டு வரி படித்தால் போதும்.

2025 டிசம்பரில் ஆர்ச் பயனர்கள் நிறையப் பேர் இப்படி மாட்டினார்கள். அங்கே முதன்மை என்விடியா பேக்கேஜ் 590-க்குத் தாவியது, அதோடு திறந்த மூல கர்னல் மாட்யூலுக்கும் மாறியது. அந்த மாட்யூல் ஓட கார்டில் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி இருக்க வேண்டும். டூரிங்கிலிருந்துதான் அது உண்டு. 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களுக்கு ரீபூட்டில் டெஸ்க்டாப் வரவில்லை. தீர்வு: புதிய பேக்கேஜை நீக்கிவிட்டு, ஆர்ச் பயனர்களின் பேக்கேஜ் தொகுப்பான ஏயூஆரிலிருந்து 580 வரிசையின் டிகேஎம்எஸ் பேக்கேஜை நிறுவுவது. ஃபெடோராவில் இத்தகைய பழைய வரிசைகள் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிப் பேக்கேஜ் தொகுப்பில் எண்ணோடு தனிப் பேக்கேஜாகக் கிடைக்கும். உபுண்டுவில் 'உபுண்டு-டிரைவர்ஸ்' கருவி சொல்வதைக் கேளுங்கள், அதை மீறிப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என்விடியா தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கி ஓட்டும் பழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் அது போட்டுவைக்கும் கோப்புகள் அடுத்த அப்டேட்டில் சண்டைக்கு வரும். ஏற்கெனவே அப்படிப் போட்டிருந்தால், அதே கோப்பின் அன்இன்ஸ்டால் வசதியைக் கொண்டு முதலில் நீக்குங்கள். அதற்கு முன் வேறு எதைச் செய்தாலும் குழப்பம்தான்.

### டிரைவரை நீக்கிய பிறகும் எக்ஸ் ஏறவில்லை

எக்ஸ் (எக்ஸ்11, எக்ஸ்ஓஆர்ஜி) என்பது டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு. 'இடிசி' அடைவில் எக்ஸ்11-க்குள் பழைய 'எக்ஸ்ஓஆர்ஜி.கான்ஃப்' கோப்பு கிடக்கிறதா பாருங்கள். எப்போதோ என்விடியா செட்டிங்ஸில் சேமித்தது, என்விடியா டிரைவர்தான் வேண்டும் என்று இன்னும் அடம் பிடித்துக்கொண்டிருக்கும். பெயரை மாற்றிவைத்து ரீபூட் செய்யுங்கள்.

## அறிகுறி 2: திரை வருகிறது, ஆனால் 1024க்கு 768-இல் நிற்கிறது, விண்டோவை நகர்த்தினாலே இழுக்கிறது

'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கொடுத்து ரெண்டரர் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, படம் வரைவது முழுக்க சிபியு. ஃபேன் அலறுவதும் அதனால்தான்.

பழைய தடைக்கோப்பு. என்விடியா டிரைவரை நிறுவும்போது, திறந்த மூல டிரைவரான நூவோவைத் தடுக்க 'மோட்ப்ரோப்' அடைவில் ஒரு பிளாக்லிஸ்ட் கோப்பு உருவாகும். டிரைவரை நீக்கும்போது இது சில சமயம் அப்படியே தங்கிவிடும். விளைவு, என்விடியாவும் இல்லை, நூவோவும் இல்லை. அந்தக் கோப்பை நீக்கி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். இரண்டாவதை மறந்தால் மாற்றம் எதுவும் தெரியாது.

மறந்துபோன நோமோட்செட். அவசரத்துக்குச் சேர்த்தது கிரப் கோப்பில் நிரந்தரமாகவே இருக்கும். எடுத்துவிடுங்கள்.

செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து இல்லாததை ஏறவிடாத வசதி. மாட்யூல் கட்டியாகிவிட்டது, டிகேஎம்எஸ்ஸும் இன்ஸ்டால்டு என்கிறது, ஆனால் ஏற்றப் போனால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று வருகிறது. 'மோக்யூடில்' கொண்டு செக்யூர் பூட் இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால், மாட்யூலில் கையெழுத்திட்ட சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுக்குக் கொடுத்த பிறகு வரும் முதல் ரீபூட்டில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் நிற்கும். அங்கே என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அசட்டையாக விட்டால் அது போய்விடும், மறுபடி பதிவுக்குக் கொடுத்தால்தான் திரும்ப வரும். வீட்டுக் கணினிதானே என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழி. அலுவலகக் கணினியில் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

'என்விடியா-எஸ்எம்ஐ' கொடுத்தால் டிரைவருக்கும் லைப்ரரிக்கும் பதிப்பு பொருந்தவில்லை என்று மட்டும் வந்தால், பெரும்பாலும் ஒரு ரீபூட்டே மருந்து.

## அறிகுறி 3: பாஸ்வேர்டு சரிதான், ஆனால் மறுபடி லாகின் திரைக்கே திரும்புகிறது

390, 470 வரிசைக்காரர்களுக்கு இது வேலண்ட் தொல்லை. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த புதிய திரை அமைப்புதான் வேலண்ட். இன்றைய வேலண்ட் டெஸ்க்டாப்புகளுக்கு டிரைவரில் ஜிபிஎம் என்ற இடைமுகம் வேண்டும், என்விடியா அதை 495-இல்தான் கொண்டுவந்தது. லாகின் திரையில் பற்சக்கரப் பொத்தானை அழுத்தி எக்ஸ்11 அல்லது எக்ஸ்ஓஆர்ஜி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போய்விட்டால் அதையே நிலையாக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வே காணோமா? 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இலும் ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன் 43-இலும் க்னோமின் எக்ஸ்11 செஷன் இல்லை. இது பிழை இல்லை, திட்டமிட்டு எடுத்தது. உங்களுக்கு மூன்று வழி: எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சின்னமன் போல எக்ஸ்11-இல் ஓடும் டெஸ்க்டாப்புக்கு மாறுவது, 22.04 போன்ற பழைய எல்டிஎஸ்ஸுக்குத் திரும்புவது; என்விடியா டிரைவரை விட்டுவிட்டு நூவோவுக்குப் போவது. நூவோவில் வேலண்ட் ஓடும்.

580 வரிசைக்காரர்களுக்கு வேலண்ட் பொதுவாகச் சரியாகவே வரும். வரவில்லையென்றால் என்விடியா டிஆர்எம் மாட்யூலின் 'மோட்செட்' ஆப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். முன்பே இந்தக் கோளாறு இருந்து டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸைக் குடைந்திருந்தால், புதிதாக ஒரு யூசரை உருவாக்கி லாகின் செய்து பாருங்கள். அதில் வந்தால் டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உங்கள் ஹோமில் ஏதோ கெட்டிருக்கிறது.

## அறிகுறி 4: நூவோவுக்கு மாறியாகிவிட்டது, ஓடுகிறது, ஆனால் மந்தம்

ஜிடி 210, 8400 ஜிஎஸ் போன்றவற்றுக்கு நூவோதான் என் தேர்வு. 340-ஐ இன்றைய கர்னலில் ஏற்றப் பாடுபடுவது வீண். டைப் செய்யவும் பிரவுசர் பார்க்கவும் நூவோ போதும்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கடிகார வேகம். கார்டு பூட் ஆகும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நூவோ அதை விட்டுவைக்கும். கெப்லர் கார்டுகளில் இதைக் கையால் கூட்டலாம்: 'சிஸ்' அடைவில் கர்னல் டீபக்கிற்குள் டிஆர்ஐ, அதற்குள் 'பிஸ்டேட்' கோப்பு. ரூட்டாகத் திறந்தால் வரிக்கொரு வேகநிலை தெரியும். வேண்டிய நிலையின் அடையாளத்தை அதே கோப்பில் எழுதினால் கார்டு அந்த வேகத்துக்குப் போகும். படிப்படியாக ஏற்றி, வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரை உறைந்தால் ரீபூட்டில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் இதை முயலவே வேண்டாம். அவற்றின் வேகத்தை மாற்ற என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் வேண்டும், நூவோவுக்கு அது கிடைக்கவில்லை. வயதில் மூத்த 660, நூவோவில் 960-ஐ விடச் சுறுசுறுப்பாக ஓடுவது இதனால்தான். ஆகவே இந்த இரண்டு வரிசைக்காரர்கள் 580-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 820எம், 920எம் போன்ற கார்டுகளுக்காக மெனக்கெட வேண்டாம், உள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் எல்லாம் ஓடும். அதற்காக நூவோவை பிளாக்லிஸ்ட் செய்துவிடாதீர்கள். பயன்படாத கார்டைத் தூங்கவைப்பதே அதுதான். டிரைவரே இல்லாவிட்டால் கார்டு விழித்துக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

## அறிகுறி 5: டெஸ்க்டாப் சரி, குறிப்பிட்ட புரோகிராம் மட்டும் மறுக்கிறது

ஸ்டீமில் விண்டோஸ் கேம் திறந்து உடனே மூடுகிறது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் கருவி புரோட்டான். அதன் 8-ஆம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது, விண்டோஸ் கிராபிக்ஸ் கட்டளைகளை வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே 2. அதற்கு வல்கன் 1.3 வேண்டும், 470 டிரைவர் தருவது 1.2. கேமின் ப்ராப்பர்ட்டீஸில் புரோட்டான் 7-ஐக் கட்டாயமாக்குங்கள். ஃபெர்மிக்கு வல்கனே கிடையாது, அங்கே இந்த வழியும் இல்லை.

ஃபிளாட்பேக்கில் நிறுவியவை மட்டும் இழுக்கின்றன. புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் நிறுவும் முறையான ஃபிளாட்பேக் தனக்கென்று ஒரு என்விடியா லைப்ரரி வைத்திருக்கும். அதன் பதிப்பு கணினியின் டிரைவரோடு புள்ளி பிசகாமல் பொருந்த வேண்டும். டிரைவர் மாறிய பிறகு 'ஃபிளாட்பேக் அப்டேட்' ஒருமுறை ஓட்டுங்கள்.

பைடார்ச் (ஏஐ நிரலாக்க லைப்ரரி), இந்தச் சாதனத்துக்கு ஓடக்கூடிய கர்னல் இமேஜ் இல்லை என்கிறது. இங்கே கர்னல் என்பது லினக்ஸ் கர்னல் இல்லை, என்விடியாவின் கூடா கணிப்புத் தளத்துக்காக எழுதி கார்டில் ஓடும் நிரல். 2025-இல் வந்த கூடா 13 மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றையும் விட்டுவிட்டது. டிரைவரை நோண்டாமல், கூடா 12.6-க்குக் கட்டப்பட்ட பைடார்ச்சைத் தனிச் சூழலில் நிறுவுங்கள். கெப்லரில் இதையும் முயல வேண்டாம், கூடா 12-லேயே அது போய்விட்டது.

## கார்டு ஏஎம்டி என்றால்

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திறந்த மூல டிரைவர் கர்னலிலேயே இருப்பதால் எச்டி 5000 வரிசை கூட இன்றும் தானாக வேலை செய்யும். ஏஎம்டியின் பழைய மூடிய டிரைவரான எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் நிறுவச் சொல்லும் பழைய குறிப்பு எதுவாக இருந்தாலும் பக்கத்தை மூடிவிடுங்கள், அது நின்று பத்து வருடம் ஆகிறது. எச்டி 7000 வரிசையில் வல்கன் வேண்டுமென்றால் பழைய ரேடியான் டிரைவருக்குப் பதிலாக ஏஎம்டிஜிபியு ஏற வேண்டும். பழைய கர்னல்களில் இதற்கு பூட் ஆப்ஷன் கொடுக்க வேண்டியிருக்கும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

பயாஸ் திரையிலேயே கோடுகள், கட்டங்கள், நிறம் சிதறல் தெரிந்தால் நிறுத்துங்கள். லினக்ஸ் இன்னும் ஏறவே இல்லை, ஆகவே எந்த டிரைவராலும் அது சரியாகாது. லைவ் யுஎஸ்பியில் ஏறி, நூவோவிலும் அடிக்கடி உறைந்தால் அதுவும் வன்பொருள் சந்தேகம்தான். கொண்டுபோவதற்கு முன் கார்டைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி இறுக்கமாகப் பொருத்துங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் கடையில், "கார்டை வேறு கணினியில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், ஃபார்மேட் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸ் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

புதுக் கார்டுக்குப் பணம் எடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சொந்த போர்ட்டில் செருகுங்கள். இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் என்று முடியாதவரை பெரும்பாலும் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும், ஜிடி 710 செய்த அலுவலக வேலையை அது தாராளமாகச் செய்யும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜிடி 710, 730, 1030 எதையும் தொடாதீர்கள். சீல் பிரிக்காத பெட்டியில் இன்றும் விற்கிறார்கள், ஆனால் மூன்றுமே மேலே உள்ள பட்டியலில் இருப்பவை. சின்னப் பெட்டிக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 பொருந்தும், தனி மின் இணைப்பு கேட்காது. ஆனால் அதில் விஜிஏ போர்ட் கிடையாது. வீட்டில் இருப்பது விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால், உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெறும் வயர் வேலைக்கு ஆகாது.